பரிசலும் குருசடைத் தீவும்

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு மூன்றாம் வருடத்தில் 'ஐ.வி.' என்று ஒரு வரப்பிரசாதம் உண்டு. இண்டஸ்ட்ரியல் விசிட். பேருக்கு அரைநாள் ஒரு கம்பெனியோ துறைமுகமோ, மிச்சம் இரண்டு நாள் டூர். ரிப்போர்ட்டில் அந்த அரைநாளைப் பத்துப் பக்கத்துக்கு இழுத்து எழுத வேண்டும், மிச்சத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. இந்த இலக்கணம் கொஞ்சமும் பிசகாமல்தான் தர்மபுரியிலிருந்து ஒரு பி.காம் வகுப்பு பிப்ரவரி மாதத்தில் தூத்துக்குடி துறைமுகத்தைப் பார்த்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக ராமேஸ்வரம் பக்கம் பஸ்ஸைத் திருப்பியது.

பஸ்ஸில் இருந்த நாற்பத்திச் சொச்சம் பேரில் பாதிப்பேர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. சிரிக்காதீர்கள். தர்மபுரியிலிருந்து எந்தக் கடற்கரைக்குப் போவதென்றாலும் பஸ்ஸில் நாலைந்து மணி நேரத்துக்குக் குறையாது. அந்த ஊரில் தண்ணீர் என்றால் ஒன்று ஒகேனக்கல் அருவி, இல்லாவிட்டால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய். (நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் அந்தக் குழாயே வந்தது. 2013ல்தான் வந்தது. அதற்கு முன்னால் பல்லில் பழுப்புக் கோடு விழுந்த அண்ணன்களும் அக்காக்களும் மாவட்டம் முழுக்க உண்டு.)

அந்தக் கூட்டத்தில் ஒருத்தனுக்குப் பட்டப்பெயர் 'பரிசல்'. அப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர், வீடு ஊட்டமலை. காலேஜில் சேர்ந்த முதல் வாரமே யாரோ வைத்த பெயர். மூன்று வருடத்தில் வருகைப் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அந்தப் பெயர்தான். அவனும் லீவு நாட்களில் அப்பாவுக்குக் கூடமாட ஒத்தாசைக்குப் போவான். எந்தப் பாறை எப்போது தண்ணீருக்கு மேலே தலை காட்டும், எங்கே சுழல், மேட்டூர் அணை நிரம்பினால் இங்கே ஆறு எப்படிச் சத்தமில்லாமல் நிற்கும், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தந்தது கிடையாது. பரிசலில் ஏறுகிற பெங்களூர்க்காரர்களும் சேலத்துக்காரர்களும் கேட்கிற கேள்விகளுக்கு அப்பா பதில் சொல்வதைக் கேட்டுக் கேட்டே வந்த படிப்பு. 'இங்க என்ன படம் எடுத்தாங்க?' என்பதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி என்பது வேறு விஷயம்.

ராமேஸ்வரம் ப்ளானில் கோயிலும் தனுஷ்கோடியும் மட்டும்தான் இருந்தன. வனத்துறை படகில் தீவுக்குப் போகலாம் என்று கண்டுபிடித்துச் சொன்னது பாலக்கோட்டிலிருந்து வரும் ஒரு பெண். "சார், ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்ட்டே கூட்டிட்டுப் போறாங்களாம் சார், கைடு கூட வருவாராம்" என்று அவள் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினாள். கைடு என்றதும் சாருக்கு 'கல்விச் சுற்றுலா' என்ற சொல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். உடனே தலையாட்டிவிட்டார்.

இந்த மாதிரி ஏற்பாடு வெளிநாட்டில் ரொம்பப் பிரபலம். அமெரிக்காவில் தேசியப் பூங்கா ரேஞ்சர் என்றால் தட்டையான அகல விளிம்புத் தொப்பி போட்டுக்கொண்டு கதை சொல்கிறவர் என்றுதான் குழந்தைகளுக்கே தெரியும். வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் கடல் வற்றும் நேரம் பார்த்து, பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார வைத்து நட்சத்திர மீனைக் காட்டுவார்கள். டெக்சாஸில் பாட்ரே தீவு என்று ஒரு நீளமான கடற்கரைப் பூங்கா. அங்கே ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை விடிகாலையில் ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். பார்க்க யார் வேண்டுமானாலும் போகலாம், காசு கிடையாது. முட்டை எந்த நாளில் பொரியும் என்று முன்கூட்டியே அடித்துச் சொல்ல முடியாதாகையால், நாளைக்கு உண்டா இல்லையா என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்ள ஒரு தனி நம்பரே வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் ரேஞ்சர் என்பவர் வனச்சரகர். சந்தனமரம், வேட்டை, வழக்கு, கோர்ட் என்று அலைகிறவர். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மலை அடிவாரத்தில் வளர்ந்தவர்களுக்குக் காக்கிச் சட்டையைக் கண்டால் கதை கேட்கத் தோன்றாது, விறகுக் கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடத்தான் தோன்றும். இருந்தாலும் கடலோரத்தில் சில நல்ல ஏற்பாடுகள் இருக்கின்றன. குஜராத்தில் கட்ச் வளைகுடாவில் 1982ல் அறிவித்ததுதான் நாட்டின் முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே நராரா என்ற இடத்தில் கடல் வற்றினால் படகே வேண்டாம், கைடுக்குப் பின்னால் பவளத்திட்டின் மேல் நடந்தே போகலாம். ஆக்டோபஸ், நண்டு, பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும் பேத்தை மீன் எல்லாம் கணுக்கால் தண்ணீரில். அந்தமானில் வண்டூர் பக்கம் ஜாலிபாய் தீவு. பிளாஸ்டிக் பாட்டிலோடு படகில் ஏற விடமாட்டார்கள்.

தமிழ்நாட்டுக்கு மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவே 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர், 1986ல் தேசியப் பூங்கா. 1989ல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள். 21 என்பது காகிதக் கணக்கு. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் ஏற்கனவே தண்ணீருக்குள் போய்விட்டன. பல வருடமாகச் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி லாரியில் ஏற்றியதற்குக் கிடைத்த பலன். அலையைத் தடுக்கிற சுவரை இடித்தால் வீடு எத்தனை நாள் நிற்கும்? 2001ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், அதாவது புலிக்குச் சமமாக. அதற்குப் பிறகுதான் வெட்டுவது ஓய்ந்தது.

சரி, படகுக்கு வருவோம். பாம்பன் தீவில் குந்துகால் என்று ஒரு இடம். 1897ல் விவேகானந்தர் அமெரிக்கா, ஐரோப்பாவெல்லாம் சுற்றிவிட்டுக் கொழும்பு வழியாக வந்து இறங்கிய கரை. அங்கிருந்துதான் குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு. ஏறுவதற்கு முன்னால் சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில், கேரி பேக் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதைப் போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, பரிசல் மட்டும் ஒவ்வொருத்தராகப் போய் வாரை இழுத்துப் பார்த்து இறுக்கிவிட்டுக்கொண்டிருந்தான். 2015ல் ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தில் ஆறு பேர் போனார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் தொழிலே இல்லாமல் அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்ததைச் சின்னப் பையனாகப் பார்த்தவன் அவன். லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் அவனிடம் விளையாட முடியாது.

கைடாக வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். வேட்டைத் தடுப்புக் காவலர், பக்கத்து மீனவ கிராமத்துக்காரர். மனுஷன் அருமையாகப் பேசினார். இந்த வளைகுடாவில் 117 வகைப் பவளம் பதிவாகியிருக்கிறது, பவளம் கல் இல்லை, உயிர். தண்ணீர் ரொம்பச் சூடானால் உடம்புக்குள் இருக்கும் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும். 1998லும் 2010லும் 2016லும் அப்படி வெளுத்தது. கடல்தாழை என்ற புல்லைத் தின்றே வாழ்கிற ஆவுளியாவைப் பற்றி (கடல் பசு என்று புத்தகத்தில் இருக்கும்) சொன்னார். 'இன்னைக்குப் பார்க்க முடியுமாண்ணா?' என்று பின்னாலிருந்து குரல் வந்ததற்கு, "பத்து வருஷமா படகுல இருக்கேன், விரல் விட்டு எண்ணிரலாம்" என்றார். பொய் சொல்லி ஆசை காட்டாததற்கே அவருக்கு ஒரு ஓ போடலாம்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வாடைக்காற்று ஓய்ந்து கச்சான் தொடங்குவதற்கு முந்தின சமயம்தான் நல்ல நேரம் என்றார் அவர். ஓரிடத்தில் மோட்டாரை நிறுத்திக் கீழே காட்டினார். பழுப்பும் பச்சையுமாகப் பவளம், இடுக்கில் குட்டிக் குட்டி மீன்கள். முதல் தடவை கடல் பார்க்கிற இருபது பேரும் அந்த ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த வகுப்பின் வரலாற்றிலேயே முதல் முறை என்று சாரே பிறகு சொன்னார்.

பிறகு குருசடையின் பெருமை. இந்தச் சின்னத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி மட்டும் 1927லேயே சென்னை அருங்காட்சியகம் ஒரு தனி வெளியீடு போட்டிருக்கிறது. மண்ணுக்குள் புழு மாதிரி கிடக்கும் பாலனோகிளாசஸ் என்ற ஒன்று, முதுகெலும்பு இல்லாததற்கும் உள்ளதற்கும் நடுவே பாலம் மாதிரியான உயிர், இங்கே இருப்பதால் விலங்கியல் மாணவர்களுக்கு இது ஒரு புண்ணிய ஸ்தலம். காமர்ஸ்காரர்களுக்கும் ஒரு பாடம் வைத்திருந்தார். பக்கத்திலேயே மண்டபம் பக்கம் 2000 வாக்கில் ஒரு பன்னாட்டுக் குளிர்பானக் கம்பெனி வெளிநாட்டுப் பாசி ஒன்றை மகளிர் குழுக்களை வைத்து ஒப்பந்த முறையில் வளர்க்கத் தொடங்கியது. ஊருக்குள் அதற்குப் 'பெப்சி பாசி' என்றே பெயர் விழுந்துவிட்டது. பல குடும்பங்களுக்கு அதில் வருமானம் வந்தது நிஜம். ஆனால் 2008ல் அந்தப் பாசி குருசடைப் பக்கம் பவளத்தின் மேலேயே படர்ந்து மூடிக்கொண்டிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். பேலன்ஸ் ஷீட்டில் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று பாலக்கோட்டுப் பெண் கேட்டாள். கைடுக்கு ஜோக் புரியவில்லை. சாருக்குப் புரிந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

தீவுக் கரையில் இறங்கிக் கொஞ்ச நேரம் நிற்க விட்டார்கள். அப்போதுதான் பரிசல் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"அண்ணே, இது பார்க் ஆகறதுக்கு முன்னாடி இங்க யாரு வந்துட்டிருந்தாங்க?"

அதுவரை கொட்டிக்கொண்டிருந்த மனுஷன் ஒரு நொடி நின்றார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்கம்மாவே வந்துட்டிருந்தாங்க தம்பி. பாசி எடுக்க" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் இதுல வராது. கரைக்குப் போனதும் காட்டுறேன், அவங்ககிட்டயே கேளுங்க."

ஒரு ஊருக்கு வந்து, பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். அந்த ஊர்க்காரர்களே அங்கே வரக்கூடாது என்பது யாருக்கும் தோன்றுவதே இல்லை. பரிசலுக்குத் தோன்றியதற்குக் காரணம் அவனுடைய புத்திசாலித்தனம் என்று சொல்ல முடியாது (அக்கவுண்ட்ஸ் பேப்பரில் அவன் லட்சணம் ஊருக்கே தெரியும்). ஆற்றில் தண்ணீர் கூடினால் கலெக்டர் உத்தரவு வரும், பரிசலைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கரையில் உட்கார வேண்டும். உத்தரவு நியாயம்தான் என்று அவனுக்குத் தெரியும். அன்றைக்கு அடுப்பு எரிய வேண்டும் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்து வளர்ந்தவன்.

குந்துகாலுக்குத் திரும்பிக் கொஞ்சம் நடந்தால், ஒரு கூரைக்கு அடியில் நாலைந்து பெண்கள் காய்ந்த பாசியைக் கொட்டி மண்ணையும் கிளிஞ்சலையும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கைடு ஒரு அம்மாவைப் பார்த்து, "சின்னம்மா, இவங்க தர்மபுரிப் புள்ளைக. பாசி எடுக்குறதப் பத்திக் கேக்குறாக" என்று சொல்லிவிட்டு அடுத்த டிரிப்புக்குப் போய்விட்டார்.

அந்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். விரல்களில் துணி சுற்றியிருந்த தழும்பு அப்படியே இருந்தது. ஏழு வயதில் ஆத்தாவோடு கடலுக்குள் இறங்கியவர். "அப்பல்லாம் தீவுலயே சோறு பொங்கித் திம்போம். காத்து மாறிருச்சுன்னா ராத்திரி அங்கனயே படுத்துக்கிறது. இப்ப அந்த மணல்ல கால் வைக்கக் கூடாது. படகுலேருந்து தண்ணிக்குள்ள குதிச்சு, எடுத்து, தண்ணிக்குள்ளேருந்தே ஏறணும்." கண்ணாடி போட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்து முங்க வேண்டும். பாறை கையைக் கிழிக்கும் என்பதால்தான் விரலில் துணி. இடுப்பில் வலைப்பை. எடுத்த பாசி அகர் ஆகி ஐஸ்கிரீமுக்கும் ஜெல்லிக்கும் மருந்துக்கும் போகிறது. மாணவர்களில் பலர் அன்று காலை சாப்பிட்ட ஐஸ்கிரீமில்கூட இருந்திருக்கலாம்.

1986ல் தீவுகள் பூங்கா ஆனபோது இந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை. தாயும் பாட்டியும் செய்துவந்த தொழில் காகிதத்தில் அத்துமீறல் ஆனது. 2000க்குப் பிறகு கெடுபிடி கூடியது. இந்த இடத்தில் அவர்கள் செய்ததுதான் விசேஷம். சங்கம் வைத்து, தாங்களே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள்: மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடலுக்குள் இறங்குவது, அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. இரும்பால் பாறையைச் சுரண்டுவதில்லை, கையால்தான் எடுப்பது. மீன் தடைக்காலத்தை ஒட்டிப் பாசி வளர ஒன்றரை மாதம் விடுவது. இந்த முயற்சியில் முன்னால் நின்ற சின்னப்பாலம் லட்சுமிக்கு, 2015ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் பரிசைக் கொடுத்தது. படகில் ஒரு மணி நேரம் சொன்ன விளக்கத்தில் இது ஒரு வரிகூட வரவில்லை. கைடைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, அவர் கையில் கொடுத்த விளக்கம் அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் இந்தப் பஞ்சாயத்து உண்டு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாக் கரையில் ரிச்மண்ட் என்ற ஊரில், இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் கட்டிய பெண்களின் நினைவாக ஒரு தேசியப் பூங்கா அமைத்தார்கள். அந்தக் கதையில் வெள்ளைக்காரப் பெண்கள் மட்டுமே இருந்தார்கள். பெட்டி ரீட் சாஸ்கின் என்ற கறுப்பினப் பெண்மணி, போர்க்காலத்தில் அதே ஊரில், கறுப்பர்களுக்கென்று தனியாக ஒதுக்கிய தொழிற்சங்கப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவர், பூங்காத் திட்டமிடும் கூட்டத்திலேயே இதைக் கேட்டார். கடைசியில் அவரையே ரேஞ்சராக்கினார்கள். எண்பது வயதுக்கு மேல் தொப்பி போட்டவர், 2022ல் ஓய்வு பெறும்போது வயது நூறு. அவர் பேச்சைக் கேட்க ஜனங்கள் இடம் பிடித்துக் காத்திருந்தார்கள்.

பாம்பன் கரையில் அப்படி ஒரு தொப்பி யார் தலையிலும் இல்லை. இத்தனைக்கும் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே, தொண்டிப் பக்கம் காரங்காட்டில், வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். ஊர்க்காரர்கள்தான் ஓட்டுகிறார்கள், ஊர்ப் பெண்கள்தான் சமைத்துப் போடுகிறார்கள். அதையே ஒரு படி நீட்டி, பன்னிரண்டு நாள் போக மிச்சமிருக்கும் நாட்களில் ஒரு பாசிக்காரம்மாவை வனத்துறைப் படகிலேயே ஏற்றிப் பேச வைத்தால், சம்பளமும் கொடுத்தால், என்ன குறைந்துவிடும்? எந்தப் பாறையில் எந்த மாதம் என்ன முளைக்கும் என்று மூச்சடக்கிப் பார்த்தவர்களைவிட அந்தத் தண்ணீரைத் தெரிந்தவர்கள் யார்? பாசி எடுக்கிறவர் எல்லாரும் கடலைக் காப்பாற்றுகிறவர்கள் என்று சொல்லிவிட முடியாது, அவர்களுக்குள்ளும் கட்டுப்பாட்டை மீறுகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அதையும் அவர்களே சொல்லட்டும்.

பாசி பொறுக்கிக்கொண்டே அந்த அம்மா கேட்டார், "நீங்க எந்தூருன்னீங்க?"

"தர்மபுரிங்க. ஒகேனக்கல் பக்கம். காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையற இடம்."

"காவேரியா! அதுல முதலை கெடக்குமாமே?"

"இருக்குதுங்க. அங்க முதலைப் பண்ணையே இருக்குது."

"பெறகு எப்படித் தம்பி ஒங்கப்பா படகு ஓட்டுறாரு?"

"படகு இல்லைங்கம்மா, பரிசல்" என்று ஆரம்பித்தான் அவன். மூங்கிலை எப்படி வளைப்பார்கள், முன்னெல்லாம் தோல் போர்த்தியது இப்போது எப்படித் தார் பூசிய ஷீட் ஆனது, வட்டமாக இருப்பதால் ஒரே துடுப்பில் எப்படிச் சுற்றாமல் நேராகப் போக வைப்பது, சுழலுக்குப் பக்கத்தில் போனால் துடுப்பை எந்தப் பக்கம் போட வேண்டும் என்று மணலில் விரலால் வரைந்து காட்டிக்கொண்டிருந்தான். நாலு பெண்களும் கையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். 'அப்ப வட்டத்துக்குள்ள ஒக்காந்து எந்தப் பக்கம் பாக்குறது?' என்று ஒருத்தி கேட்டுச் சிரித்தாள்.

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. தனுஷ்கோடிக்கு நேரமாகிறது என்று சார் கத்தினார். "ஒரே நிமிஷம் சார், ஐந்தருவிக்கு இன்னும் வரல" என்றான் பரிசல்.

பி.கு: போக நினைக்கிறவர்களுக்கு. காற்றையும் கடலையும் பொறுத்துப் படகு ஓடும், நிற்கும். கிளம்புவதற்கு முன்னால் வனத்துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் எதுவும் கொண்டுபோகாதீர்கள். பவளம், சங்கு, செத்த கடல்குதிரை என்று கரையில் யாராவது விற்றால் வாங்காதீர்கள், அதற்கு ஜாமீன் கிடைப்பது கஷ்டம். பாசி பொறுக்கும் கூரை குந்துகால் ரோட்டோரத்திலேயே இருக்கிறது, டிக்கெட் கிடையாது.